மலையகம் இல்லை என்போருக்கு

மலையகம் என்று ஒரு பிரதேசம் இலங்கையில் இல்லை என்கிறார்கள். சிங்களத் தேசியம் பேசுபவர் சொல்கிறார். வடக்கில் தமிழ்த் தேசியம் பேசுபவரும் சொல்கிறார். கொழும்பில் கோப்பு புரட்டும் அதிகாரி சொல்கிறார். தோட்டத்தில் பிறந்து, படித்து, உத்தியோகத்தில் அமர்ந்த நம்மவர் பலரும் இப்போது அதையே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் இத்தனை தரப்பும் இந்த ஒன்றில் கைகோத்து நிற்பதால், அந்த வாதத்தைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

அவர்கள் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு முதலில் வைக்கிறேன். மலையகத்துக்கு மாகாணம் கிடையாது, மாவட்டம் கிடையாது, எல்லைக்கோடு கிடையாது. மத்திய, ஊவா, சப்ரகமுவ என மூன்று மாகாணங்களில் அது சிதறிக் கிடக்கிறது. காலி, மாத்தறை, களுத்துறைத் தோட்டங்களையும் சேர்த்தால் மலை என்ற அடிப்படையே ஆட்டம் காண்கிறது. அது உண்மையில் ஒரு தொழிலின் அடையாளம். கொழுந்துக்கூடையை இறக்கி வைத்தால் அதுவும் இறங்கிவிடும். அந்த மலை கண்டி இராச்சியத்தின் மண். 200 ஆண்டுகளுக்கு முன் கூலிக்கு வந்தவர்கள் அதன்மீது அடையாளம் கோருவது பொருந்தாது. தமிழர் தொகை ஏற்கெனவே சிறியது. அதை இரண்டாகப் பிரித்துக் காட்டுவது எல்லாத் தமிழருக்கும் நட்டம். எனவே இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டு கலந்துவிடுவதே புத்தி. தோட்டக்காட்டான், கள்ளத்தோணி என்ற வசைகளும் அத்தோடு ஒழியும்.

இந்த வாதத்தில் நேர்மையான கவலையும் இருக்கிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இலங்கைத் தமிழர் என்று எழுதச் சொல்லும் தாய் கோழையல்லள். தான் பட்ட அவமானம் பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைக்கிறாள். அவளோடு எனக்கு வழக்கில்லை. அவளுடைய பயத்தை ஒரு கொள்கையாக மாற்றி ஒரு சமூகம் முழுவதற்கும் பரிந்துரைப்பவர்களோடுதான் வழக்கு.

1. எந்தக் கோட்டைக் காட்டச் சொல்கிறீர்கள்?

மலையகத்தைக் காட்டவில்லை என்று நீங்கள் சான்றுக்கு அழைக்கும் வரைபடத்தைப் போட்டது யார்? 1815இல் கண்டி வீழ்ந்தது. 1833இல் கோல்புரூக் சீர்திருத்தத்தோடு ஆங்கிலேயர் தீவை ஐந்து மாகாணங்களாக வெட்டினார்கள். கண்டி இராச்சியத்தின் நிலம் அந்த ஐந்துக்கும் பங்கு போனது. ஊவா மாகாணம் 1886இல்தான் உண்டானது. சப்ரகமுவ 1889இல். கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் காப்பித் தோட்டம் போட்டது 1820களில். அதாவது, மலையகத்தை ஏற்க மறுக்க நீங்கள் துணைக்கு அழைக்கும் ஊவாவும் சப்ரகமுவவும் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மக்கள் இங்கே காடு வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லைக்கோடு இல்லாத பிரதேசம் அடையாளம் ஆகாது என்றால், கண்டி மலைநாட்டைக் குறிக்கும் உடரட்ட என்ற அடையாளத்தை என்ன செய்வீர்கள்? கண்டி இராச்சியம் மறைந்து இரு நூற்றாண்டு ஆகிவிட்டது. உடரட்ட என்று ஒரு மாகாணமோ மாவட்டமோ இன்று இல்லை. ஆனாலும் உடரட்டைச் சிங்களவர் என்று ஒரு மக்கள் தொகுதி உண்டு. அவர்களுக்கென்று கண்டியச் சட்டம் உண்டு. 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரே மலையில், ஒரே அரசின் கீழ், கோடில்லாத ஓர் அடையாளத்துக்குச் சட்டப் புத்தகத்தில் இடம் இருக்கிறது. இன்னொன்றுக்குக் கோடில்லை என்பதே குற்றமாகிறது. இதில் அளவுகோல் எங்கே இருக்கிறது?

விளிம்பு மங்கலாக இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். தெனியாயவும் களுத்துறை ரப்பர்த் தோட்டங்களும் எங்கே சேரும் என்பது பேசித் தீர்க்க வேண்டியது. ஆனால் விளிம்பு மங்கல் என்பதால் நடு இல்லாமல் போகாது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதிலிருந்து, 1924இல் ரயில் பதுளையை அடைந்ததுவரை, இந்த மலைத்தொகுதி ஒரே உழைப்பால் உருவாக்கப்பட்ட நிலம். மஸ்கெலியாவிலிருந்து பெண் எடுத்து பசறைக்குப் போகிறார்கள். டயகமவில் இறந்தவருக்கு மடுல்கலையிலிருந்து கேதத்துக்கு வருகிறார்கள். மாகாண எல்லை இந்த உறவுகளுக்குக் குறுக்கே ஒருநாளும் நின்றதில்லை.

தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தைப் பாருங்கள். மாசியில் வளர்பிறை தொடங்கியதும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுகிறார்கள். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் இரவில் ரதியாக வேடம் கட்டுகிறார். தப்பு அடிக்கத் தொடங்கினால் லயத்துக் கதவுகள் எல்லாம் திறந்துகொள்ளும். காமனாகிய மதனை எரிக்கும் இரவில் எந்தத் தோட்டத்து ஆட்டம் சிறந்தது என்று அடுத்த டிவிசன்காரர் வந்து தீர்ப்புச் சொல்வார். இதன் வேர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருக்கிறது. இன்றைய உருவமோ தோட்டத்தின் நேரக்கணக்குக்கும் பிரட்டுக்களத்துக்கும் லய வாழ்வுக்கும் இடையில் வளர்ந்தது. ஒரு பிரதேசம் தன்னைத் தானே அறிந்துகொள்வது இப்படித்தான். நில அளவைத் திணைக்களத்தின் கல் அதற்குத் தேவையில்லை.

2. தொழில் போனால் அடையாளமும் போய்விடும் என்று யார் சொன்னது?

அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. கொழுந்து பறிப்பவர்கள் இன்று மலையக மக்களில் ஒரு பகுதியினர் மட்டுமே. ஆசிரியர்கள் இருக்கிறார்கள், தாதிகள் இருக்கிறார்கள், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், கொழும்பில் கடைச் சிப்பந்திகளாகவும் வீட்டு வேலைக்காரர்களாகவும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். கூடையை இறக்கி வைத்த பிறகும் இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை ஊர் மறக்கவில்லை, இவர்களும் மறக்கவில்லை.

1977 வன்முறைக்குப் பின் மலையிலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அங்கே தேயிலை இல்லை, கங்காணி இல்லை, தொரை இல்லை. தொழில்தான் அடையாளம் என்றால் ஒரே தலைமுறையில் அவர்கள் வன்னி மக்களோடு வேறுபாடு தெரியாமல் கலந்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் கழித்தும் காணி உறுதி முதல் கலியாணப் பேச்சு வரை அவர்கள் மலையிலிருந்து வந்தவர்களாகவே நடத்தப்படுகிறார்கள் என்பதை அங்கே போய் விசாரிப்பவர் எவரும் அறியலாம்.

கடல் தாண்டியவர்கள் கதையும் அதுவே. 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 9,75,000 மனிதர்களைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசின் டேன்டீ தோட்டங்களில் மறுபடி தேயிலையில் இறங்கினார்கள். தமிழ்நாடு அவர்கள் முன்னோரின் மாநிலம், மொழியும் அதே மொழி. அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் சிலோன்காரர். இங்கே இந்தியன், அங்கே சிலோன்காரன் என்று இரு நாடும் தள்ளிய மனிதனுக்கு, தன்னை வளர்த்த மலையைத் தன் அடையாளமாகச் சொல்ல உரிமை இல்லையென்றால் வேறு எதைச் சொல்வான்?

3. மலை யாருடையது என்று கேட்பவர்களே, அதைப் பறித்தது யார்?

கண்டிக் கிராமத்தவரின் இழப்பு உண்மை. அதை மறுத்து மலையகம் பேசுபவர் நேர்மையற்றவர். ஆனால் அந்த நிலத்தைப் பறித்தது 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம். உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குச் சொந்தம் என்று அது அறிவித்தது. அப்படி எடுத்த நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குத் துரைமாருக்கும் ஆட்சியில் இருந்த அதிகாரிகளுக்கும் விற்கப்பட்டது. தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து, வழியில் கொள்ளைநோய்க்கும் மலைக்காய்ச்சலுக்கும் தன்னுடன் வந்தவர்களைப் பறிகொடுத்து வந்த தொழிலாளியின் கையில் அதில் ஒரு பேர்ச் நிலம்கூட வரவில்லை.

பின்பு தோட்டங்கள் அரசுடைமையாயின. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் நடந்தது. அப்போதும் அந்த நிலத்தில் உழைத்தவனுக்குப் பங்கு இல்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின, அப்போதும் இல்லை. 2015க்குப் பின் வீடு கட்ட 7 பேர்ச் என்று ஒரு கணக்கு வந்தது. அதுவும் சில ஆயிரம் குடும்பங்களைத் தாண்டவில்லை. பறித்தவனின் பெயரை விட்டுவிட்டு, பறிக்கப்பட்ட நிலத்தில் அடைத்து வைக்கப்பட்டவனிடம் கணக்குக் கேட்பது எந்த ஊர் நீதி? கிராமத்துச் சிங்களவரும் லயத்துத் தமிழரும் ஒரே சட்டத்தால் கெட்டவர்கள். ஒருவர் நிலத்தை இழந்தார். மற்றவருக்கு நிலமே கிடைக்கவில்லை.

மலையகம் என்று சொல்வது இந்த மலை எங்களுக்கு மட்டும் என்று சொல்வதாகாது. சிவனொளிபாதமலையைப் பாருங்கள். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை பௌத்தரும் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் அதே படியில் ஏறுகிறார்கள்; ஒருவர் புத்தரின் பாதம் என்கிறார், ஒருவர் சிவனின் பாதம் என்கிறார், இன்னொருவர் ஆதமின் பாதம் என்கிறார். அடிவாரத்து நல்லதண்ணியைச் சுற்றி மஸ்கெலியாத் தேயிலை மலைகள் கிடக்கின்றன. 2,243 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தை இத்தனை பேர் தமதென்று சொல்லியும் ஒருவர் சொல்வதால் மற்றவர் உரிமை குறைந்துபோகவில்லை. உடரட்டவும் மலையகமும் ஒரே நிலத்தில் இருக்க முடியும். ஏற்கெனவே இருக்கின்றன.

4. ஒரே தமிழராகிவிட்டால் பலம் கூடாதா?

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கின. 1947 தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகளில் இலங்கை இந்திய காங்கிரஸ் வென்றிருந்தது. 1952 பாராளுமன்றத்தில் அதற்கு ஒரு ஆசனம்கூட இல்லை. அந்தக் காலத்தில் தமிழரின் பெரிய கட்சியான தமிழ்க் காங்கிரஸ் ஆட்சியில் அமைச்சுப் பதவியோடு அமர்ந்திருந்தது. அக்கட்சியிலிருந்த செல்வநாயகம் அதை எதிர்த்துப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அவர் கட்சியும் அதன் பின்வந்தவர்களும் கோரிய சமஷ்டியின் வரைபடம் வடக்கு கிழக்கோடு முடிந்தது. மலை அதற்கு வெளியே.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு மக்களும் தம் நிலத்தை முன்வைத்துத்தான் அரசியல் செய்வார்கள். ஆனால் உங்கள் நிலத்தை முன்வைத்து நீங்கள் அரசியல் செய்யும்போது அது தேசியம், எங்கள் நிலத்தை முன்வைத்து நாங்கள் பேசும்போது அது பிரிவினை என்றால் அந்த ஒற்றுமையில் சமத்துவம் இல்லை. காணி பறிபோகிறது என்பது வடக்கின் பிரச்சினை. காணியே கிடையாது என்பது மலையின் பிரச்சினை. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் சத்தம் குறைந்தவரின் பிரச்சினை அடியில் போகும். தனித்தனிப் பெயரோடு, ஒரே மேசையில், சம இருக்கையில் உட்காருவதுதான் உறுதியான ஒற்றுமை.

5. இந்த அடையாளம் மறைந்தால் யாருக்கு லாபம்?

எண்களைப் பாருங்கள். 1946 குடிசன மதிப்பீட்டில், இந்தியத் தமிழர் என்று பதியப்பட்ட இந்த மக்கள் நாட்டின் சனத்தொகையில் 11.7 சதவீதம், அன்று இலங்கைத் தமிழரைவிட அதிகம். 1981இல் 5.5 சதவீதம். 2012இல் 4.1 சதவீதம், அதாவது 8,39,504 பேர். 1981இல் இருந்த 8,18,656 பேரோடு ஒப்பிட்டால் 31 ஆண்டுகளில் கூடியது 21,000 பேருக்கும் குறைவு. இந்தியாவுக்குப் போனவர்கள், யுத்தத்தில் சிதறியவர்கள் என்ற காரணங்களோடு, இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்களும் இந்தக் குறைவில் இருக்கிறார்கள்.

எண் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். 2012இல் நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 7,11,644. அதில் 53 சதவீதம் இந்த மக்கள். அந்த மாவட்டத்துக்கு அன்று இருந்த பிரதேச செயலகங்கள் ஐந்து. அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரண்டிலும் தலா 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர். நாட்டின் சராசரி ஒரு செயலகத்துக்குச் சுமார் 60,000 பேர். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓய்வூதியம், நிவாரணம் எல்லாம் அந்த ஒரே வாசலில்தான். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு பஸ்ஸேறி வந்து வரிசையில் நின்று, நாளைக்கு வா என்ற பதிலோடு திரும்பும் பெண்ணுக்கு அந்த நாள் சம்பளம் இல்லை. இந்த அநீதியை நம்மால் சுட்டிக்காட்ட முடிவதற்குக் காரணம் இந்த மக்கள் தனியாக எண்ணப்பட்டதுதான். வடக்கின் எழுத்தறிவையும் கொழும்புத் தமிழரின் வருமானத்தையும் லயத்துக் குடும்பத்தோடு கூட்டிச் சராசரி எடுத்தால் எல்லாம் சுமார் என்று அறிக்கை வரும். அந்தச் சராசரிக்குள் லயம் காணாமல் போகும்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் இன்னொரு சான்று. அதன் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளில் சபை தன் பணத்தைச் செலவிட இடம் கொடுக்கவில்லை. தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள், உறுப்பினரைத் தெரிவு செய்தார்கள். தெரிவானவரால் அவர்கள் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கல்லைப் பெயர்த்து வைக்க முடியவில்லை. அது 2018இல்தான் திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு பிரதேசத்தையே குறிபார்த்து விலக்கி வைத்த சட்டம் அது. ஒதுக்கும்போது மட்டும் எல்லையைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் அரசுக்கு, உரிமை கேட்கும்போது எல்லை எங்கே என்று தெரியாமல் போவது ஏன்?

லயத்துக்கு முகவரியே கிடையாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, பக்கத்துக் காம்பராவுக்கும் அதே சுவர். வீட்டிலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. தபால்காரர் தோட்டத்து ஒப்பீஸில் கட்டாகக் கடிதங்களைக் கொடுத்துவிட்டுப் போவார். அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது அங்கிருப்பவரின் மனசைப் பொறுத்தது. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் பெற்ற இளைஞர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. வாழும் இடத்துக்கே பெயரில்லாத மக்களிடம் போய், உங்கள் பிரதேசத்துக்கும் பெயர் வேண்டாம் என்பது அறிவுரை அல்ல. அது மிச்சமிருப்பதையும் பிடுங்குவது.

6. இது அரசியல்வாதிகளின் முதலீடு என்பதும் பொய்

பிற்காலத் தொழிற்சங்கத் தலைமைகள் சந்தாவையும் வாக்கையும் வைத்துப் பரம்பரை நடத்தியதை எவரும் மறைக்க வேண்டாம். ஆனால் மலையகம் என்ற உணர்வை வளர்த்தவர்கள் அவர்கள் அல்லர். தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மாளும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசியும் பாடியும் விதைத்தது, 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் விழுந்தபோது முளைத்தது. கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை அந்த மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியின் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களும் அவர்களிடம் படித்த இளைஞர்களும், நாங்கள் இந்தியரும் அல்ல, இரவல் குடிகளும் அல்ல, இந்த மலையின் மக்கள் என்று முதன்முதலாகத் தலைநிமிர்ந்து சொன்னார்கள். தெளிவத்தை ஜோசப் வரையான எழுத்தாளர்கள் அதற்குக் கதை கொடுத்தார்கள்.

அதற்கு உயிரும் கொடுத்திருக்கிறார்கள். 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்து வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க அரசு முனைந்தது. தொழிலாளர்கள் திரண்டார்கள். டெவன் தோட்டத்து இளைஞன் சிவனு லட்சுமணனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. காணி எடுக்கும் திட்டம் கைவிடப்பட்டது. லட்சுமணன் சம்பளத்துக்காகவோ சங்கத்துக்காகவோ சாகவில்லை. தனக்கு உறுதியில்லாத நிலத்தைத் தன் நிலம் என்று நினைத்ததால் செத்தான். ஒரு பிரதேசம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று கேட்பவரிடம் பேச எனக்கு எதுவும் இல்லை.

2023இல், இந்த மக்கள் வந்த 200 ஆண்டு நிறைவில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் செத்து விழுந்த வழியில் அவர்கள் நடந்தது அழுவதற்காக அல்ல. காணி, வீடு, முகவரி, நியாயமான சம்பளம், மொழியுரிமை என்று பட்டியல் போட்டுக் கேட்டார்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு நிலத்தோடு கட்டுண்டது. நிலத்தின் பெயரைக் கைவிட்டுவிட்டு அந்தக் கோரிக்கைகளை எந்த மேசையில் போய் வைப்பது?

ஆகவே கலந்துவிடுங்கள் என்று உபதேசிப்பவர்களுக்கு என் மறுமொழி இது. முதலில் ஒவ்வொரு லயத்துக் குடும்பத்துக்கும் உறுதியோடு காணி கொடுங்கள். வீட்டிலக்கம் கொடுங்கள். நாட்டின் சராசரிக்குப் பிரதேச செயலகங்களைக் கொண்டு வாருங்கள். குடிசன மதிப்பீட்டில் இந்த மக்கள் தம்மை எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதுங்கள். அந்த வேலை முடிந்த பிறகு, எந்தப் பெயரோடு வாழ்வது என்பதை மலையகத்துப் பிள்ளை தானே முடிவு செய்யட்டும். அதற்கு முன்னால் பெயரை விட்டுக்கொடுக்கச் சொல்வது, வழக்கு தீராமலே வழக்காளியை வீட்டுக்குப் போகச் சொல்வது. நாங்கள் போகப் போவதில்லை.